பந்தளம் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். நாங்கள் புனலூரில் இருக்கிறோம். வரும் ஞாயிறு அம்மாவையும் செங்கோட்டை அத்தையையும் பந்தளம் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். பத்தனாபுரம், அடூர் வழியாகக் காரில்தான்.

இதற்கு முன் ஒரே ஒரு தடவை போனது, சபரிமலை மகரவிளக்குக்கு இரண்டு நாள் முன்பு, ஐயப்பனுக்குச் சாத்தும் நகைகள் உள்ள திருவாபரணப் பெட்டி அங்கிருந்து புறப்படும் அன்று. கூட்டத்தில் பெட்டியும் தெரியவில்லை, அரண்மனையும் தெரியவில்லை. முன்னால் நின்றவரின் முதுகுதான் தரிசனம்!

அதனால்தான் இந்த முறை சீசன் இல்லாத நாளாகப் பார்த்தேன். வலியகோயிக்கல் கோயில், அரண்மனை, பின்னால் அச்சன்கோவில் ஆறு, இது போதும். மதுரையிலிருந்து வந்த பாண்டிய வம்சம் ஆண்ட ஊர் என்பதால் அத்தைக்கு ஏதோ பிறந்த வீட்டுக்குப் போகிற குஷி.

சாதாரண நாளில் திருவாபரணம் பார்க்க விடுவார்களா? அரண்மனையில் எதுவரை போகலாம்? படித்துறையில் பிடித்து இறங்கக் கம்பி உண்டா? அம்மாவுக்கு முட்டிவலி. அப்புறம், மதியம் நல்ல சைவச் சாப்பாடு எங்கே? நேரம் இருந்தால் ஆரன்முளையும் போய் உலோகக் கண்ணாடி செய்வதைப் பார்க்க ஆசை. ஒரே நாளில் இரண்டும் முடியுமா?