தாம்பூலத் தட்டில் புகையிலை எதற்கு?

தண்ணீர்மலை:
போன ஞாயிறு இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் வழக்கம்போல் தாம்பூலத் தட்டு. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு எல்லாம் இருந்தன. தட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாக வாசனைப் புகையிலையும் இருந்தது. இடைநிலைப்பள்ளிப் பையன் ஒருவன் "தாத்தாவுக்கு" என்று சொல்லி இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதே பையன் சிகரெட் எடுத்திருந்தால் பத்துப் பேர் பாய்ந்திருப்பார்கள்.

என் அம்மா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, வெறும் வயிற்றில் ஒரு வாய் வெற்றிலை புகையிலை அடக்கிக்கொண்டுதான் ரப்பர் மர நிரைக்குப் போவார். பசி தெரியாது என்பார். நாற்பது வருஷம் இடது கன்னத்தில் அடக்கினார். புண்ணும் இடது கன்னத்தில்தான் வந்தது. பல்வலி என்று நினைத்துக் கிராம்புத் தைலம் தடவியே எட்டு மாதம் போக்கிவிட்டோம். சதை எடுத்துச் சோதித்தபோது புற்றுநோய் கழுத்துக்கு இறங்கியிருந்தது. தாடையில் பாதியை எடுத்தார்கள். கடைசி வருஷம் முழுக்கக் கஞ்சிதான், அதுவும் குழாய் வழியாக.

நம் மண்டபங்களிலும் கோயில் விசேஷங்களிலும் தட்டில் புகையிலை வைப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழையதோட்டம்:
தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததைக் கேட்க மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு வந்ததை வைத்து எல்லார் வாயையும் கட்டக்கூடாது. எனக்கு 71 வயது. என் வீட்டுக்காரிக்கு 66. ஐம்பது வருஷமாக இரண்டு பேரும் போடுகிறோம். வெற்றிலை பாக்கு இல்லாமல் நம்மிடம் எந்த நல்ல காரியம் நடக்கிறது? நிச்சயத்துக்குத் தட்டு மாற்றுவதிலிருந்து துக்க வீடுவரை அதுதான் முன்னால் வருகிறது. நாம் வாழும் பினாங்குத் தீவின் பெயரே பாக்கு மரத்தின் பெயர். தோட்டத்தில் எங்களுக்கு வேறு என்ன சுகம் இருந்தது? கள்ளுக்கடைக்குப் போகாத பொம்பளைகளுக்கு அந்த வெற்றிலைப் பெட்டி ஒன்றுதான் சொந்தம். அதையும் பிடுங்காதீர்கள்.

தண்ணீர்மலை:
ஐயா, வெற்றிலையை நான் எடுக்கச் சொல்லவில்லை, புகையிலையைத்தான் சொல்கிறேன். அது நம் மரபில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம் பக்கம் வந்தது. கண்ணகி கோவலனுக்குச் சோறு போட்டு வெற்றிலை பாக்கு மடித்துக் கொடுத்தாள். அதில் புகையிலை இருந்திருக்க வழியே இல்லை.

லெபோபசார்:
நான் லிட்டில் இந்தியாவில் பூவும் வெற்றிலையும் விற்கிறவன். கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். புகையிலை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பாட்டிமார்கள். இன்னொரு பாதி பங்களாதேஷ், மியன்மார் தொழிலாளர்கள், பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவர்கள். நான் கொடுக்காவிட்டால் நான்கு கடை தள்ளி வாங்கப் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை. அதற்குச் சட்டம் தேவையில்லை, மனசாட்சி போதும்.

பயான்லெப்பாஸ்:
சிகரெட்டோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை என்று நினைக்கிறேன். நுரையீரலுக்குள் புகை போவதில்லை, பக்கத்தில் இருக்கும் குழந்தையும் சுவாசிப்பதில்லை. ஸ்வீடனில் ஸ்னூஸ் என்கிற புகையிலையை உதட்டுக்குள் வைக்கிறார்கள். அங்கே புகைப்பவர்கள் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். புகைப்பவர்களுக்கு இது ஒரு மாற்று வழியாக இருக்கலாமே?

பல்நர்ஸ்:
அரசாங்கப் பல் கிளினிக்கில் இருபது வருஷமாக வேலை செய்கிறேன். இரண்டு பக்கமும் சில விஷயங்கள் விடுபட்டுவிட்டன, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஸ்னூஸ். ஸ்வீடனில் புகையிலையை வெப்பமேற்றித் தயாரிக்கிறார்கள். நைட்ரோசமின் என்கிற புற்றுநோய் நச்சு அதில் குறைவு. நம் ஊரில் கிடைப்பது வெயிலில் காய்ந்து, பதப்பட்டு, வாசனை ஏற்றி வருவது. அதோடு சுண்ணாம்பும் பாக்கும் சேர்கின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை நிக்கோட்டினை வேகமாக ரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால்தான் வெற்றிலையோடு போடும் புகையிலையை விடுவது இவ்வளவு கஷ்டம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அடுத்தது, தண்ணீர்மலை அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. புகையிலையை எடுத்துவிட்டால் மீதி பத்திரம் என்பதும் சரியில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985லேயே புற்றுநோய் உண்டாக்குவது என்று சொல்லிவிட்டது. 2004இல் வெளியான அறிக்கையில் புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கையும், தனிப் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்கிற அதே முதல் பிரிவில் சேர்த்தது. பாக்கில் இருக்கும் அரெகோலின் என்கிற வேதிப்பொருள் கன்னத்தின் உள்சதையில் நார் நாராகக் கட்ட வைக்கும். தொட்டால் கயிறு மாதிரி தட்டுப்படும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். பழக்கத்தை நிறுத்தினாலும் கட்டின நார் பெரும்பாலும் இளகாது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும், அதில் சந்தேகமே இல்லை.

இந்த நாட்டில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடம், அதிலும் நம் பெண்களிடம், மற்றவர்களைவிட அதிகம் என்பது ரொம்ப காலமாகத் தெரிந்த விஷயம். சிகரெட் பிடிக்காத பெண்கள் அவர்கள். "புகைப்பீர்களா?" என்று டாக்டர் கேட்டால் "இல்லை" என்று உண்மையாகத்தான் சொல்வார்கள். "வெற்றிலை போடுவீர்களா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

பழையதோட்டம்:
டாக்டர் வீட்டுக்குப் போனால் எல்லாமே வியாதிதான் அம்மா. என் மாமியார் 92 வயது வரைக்கும் போட்டார். அவருக்கு ஒன்றும் வரவில்லையே?

பல்நர்ஸ்:
வராதவர்களும் இருக்கிறார்கள் ஐயா, மறுக்கவில்லை. வந்தவர்கள்தான் என் நாற்காலியில் உட்காருகிறார்கள். பலர் வலி தாங்க முடியாமல் போன பிறகு வருகிறார்கள், அதுதான் என் வருத்தம். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் சின்ன வைத்தியத்தோடு போகிற வாய்ப்பு அதிகம். திட்டு வலிக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

செந்தூல்காரன்:
கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். ஆபத்து இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தடை என்று யாராவது ஆரம்பித்தால் நான் எதிர்ப்பேன். தமிழ்நாட்டைப் பாருங்கள். 2013லிருந்து குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இவ்வளவுக்கும் நடுவில் பெட்டிக்கடையில் பாக்கெட் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. சட்டம் நோட்டீஸ் பலகையில் இருக்கும், சரக்கு மேசைக்கு அடியில் இருக்கும்.

நம் நாட்டிலும் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதைப் பற்றிய பேச்செல்லாம் சிகரெட்டும் வேப் என்கிற மின்சிகரெட்டும்தான். பாட்டியின் பொட்டலத்தை யார் பேசினார்கள்?

தண்ணீர்மலை:
தம்பி, அந்தக் கடைசி வரியைத்தான் நானும் கேட்கிறேன். யாருமே பேசவில்லை. நான் போலீஸைக் கூப்பிடச் சொல்லவில்லை. ஒரு கல்யாண வீடு தன் தட்டில் எதை வைக்கலாம் என்று தானே முடிவெடுக்கலாம். அதற்கு எந்த நீதிமன்றமும் வேண்டாம். வாசலில் கற்கண்டும் பூவும் வைத்தால் யாருக்கு மரியாதை குறைந்துவிடும்?

பல்நர்ஸ் சொன்ன பாக்கு விஷயம் எனக்கு இதுவரை தெரியாது. என் தங்கை இன்னும் சீவல் மெல்லுகிறாள். புகையிலை இல்லையே என்று விட்டிருந்தேன். இன்று ராத்திரி அவளோடு பேச வேண்டும்.

லெபோபசார்:
கற்கண்டு வைத்தால் எனக்கும் நஷ்டமில்லை, அதையும் நான்தான் விற்கிறேன். நம் சங்கக் கூட்டத்தில் பொட்டலத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வைப்பது பற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். விட வேண்டும் என்று நினைக்கிற பாட்டிக்கு என்ன வழி? அதைச் சொல்லாமல் கடைக்காரனை மட்டும் குறை சொல்லக் கூடாது.

பல்நர்ஸ்:
நியாயமான கேள்வி அண்ணே. புகைப்பதை நிறுத்த உதவும் கிளினிக்குகள் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இருக்கின்றன. மெல்லும் புகையிலையும் நிக்கோட்டின்தான், அதைச் சொல்லியே அங்கே கேட்கலாம். வயதானவர்களிடம் ஒரேயடியாக நிறுத்து என்றால் நடக்காது. காலை வெறும் வயிற்று வாயை முதலில் நிறுத்தச் சொல்வேன். அப்புறம் தூங்கும்போது கன்னத்தில் அடக்கி வைப்பதை. அதுதான் மிக மோசம், ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் ஊறுகிறது. வாய் சும்மா இருக்க முடியாதவர்களுக்குச் சோம்போ ஏலக்காயோ கொடுத்துப் பாருங்கள்.

பழையதோட்டம் ஐயா, வாதம் இருக்கட்டும். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, செங்குத்தாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மூன்றும் நுழைய வேண்டும்.

பழையதோட்டம்:
என் கருத்தில் மாற்றமில்லை. தாம்பூலம் தாம்பூலம்தான். விரல் விட்டுப் பார்த்தேன், எனக்கு மூன்றும் போனது.

பழையதோட்டம்:
வீட்டுக்காரிக்கு இரண்டுதான் போகிறது. காரம் பட்டால் வாய் எரிகிறதென்று ஆறு மாதமாக அவள் தட்டுக்கு மட்டும் ரசத்தைத் தண்ணீர் விட்டுக் குடித்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறாள். பல்நர்ஸ் தங்கச்சி, ஜாலான் பேராக் பக்கம் இருக்கிறோம். நாளைக் காலை எத்தனை மணிக்குக் கிளினிக் திறப்பார்கள்?

பல்நர்ஸ்:
எட்டு மணிக்கே போய்விடுங்கள் ஐயா. பல் வலி என்று மட்டும் பதியாதீர்கள், வாய் திறக்கவில்லை, எரிகிறது, ஐம்பது வருஷமாக வெற்றிலை புகையிலை என்று அப்படியே சொல்லுங்கள். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள். எதைப் போடுகிறார் என்று அவர்கள் பார்க்கட்டும்.