குளிர் போகிற நேரத்து வளைகுடா: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வஃப்ரா தோட்டக்காரன்:

பிப்ரவரி கடைசியில் குவைத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 25, 26 தேதி விடுமுறை, ரோடெல்லாம் கொடி, பகலில் தெற்குக் காற்று, புழுக்கம். குளிர் முடிந்தது என்று கம்பளியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். அப்படி ஒரு மதியம்.

வெள்ளரிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் கூடாரங்களின் ஓரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே செடி வெந்துவிடக் கூடாது. சட்டையெல்லாம் வியர்வை. அப்போது முதலாளியின் அப்பா வெளியே வந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர். அந்த வெயிலில், உள்பக்கம் ஆட்டு ரோமம் வைத்த ஃபர்வா அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் பக்கத்தில் நின்று வடமேற்கைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பிக் கையைக் கீழ்நோக்கி ஆட்டினார். இறக்கு, எல்லாவற்றையும் இறக்கிக் கட்டு என்று அர்த்தம். நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை.

சொன்னபடி இறக்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் தெற்குக் காற்று சட்டென்று நின்றது. வடக்கே அடிவானம் மட்டும் பழுப்பாகத் தெரிந்தது. அப்புறம் ஷமால் என்கிற வடமேற்குக் காற்று வந்து அடித்தது பாருங்கள்! கட்டி முடித்த வரிசைகள் தப்பித்தன. கை வைக்காதவை கிழிந்து முள்வேலி வரை பறந்தன. சாயந்திரத்துக்குள் பல் தட்டுகிற குளிர்.

பிப்ரவரி கடைசியிலும் மார்ச் முதல் சில நாட்களிலும் வருகிற அந்தக் குளிரை அங்கே பர்த் அல்-அஜூஸ், அதாவது கிழவியின் குளிர், என்பார்கள். குளிர் போய்விட்டது என்று நம்பி ஆடுகளின் ரோமத்தைக் கத்தரித்த ஒரு கிழவியையும், விறைத்துச் செத்த அவள் ஆடுகளையும் பற்றிப் பெரியவர் முன்பே கதை சொல்லியிருந்தார். அது சரி. ஆனால் அந்த நிமிஷத்தில், அந்த வெயிலில், அவர் எதைப் பார்த்து ஃபர்வாவை எடுத்தார்? ஃபோன் வைத்துக்கொள்கிற ஆள்கூட இல்லை அவர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்மாம் ட்ரெய்லர்:

2009 மார்ச் 10. ரியாத்தில் அன்று இருந்த எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். விமான நிலையத்தையே நிறுத்தி வைத்த நாள். நான் தம்மாமிலிருந்து சரக்கோடு ஊருக்குள் நுழைகிற இடத்தில் மாட்டினேன். அதே ஷமால்தான்.

வெளிச்சம் மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, கடைசியில் நடுப்பகலிலேயே இருட்டிவிட்டது. ரோட்டை விட்டு முடிந்தவரை வெளியே இறக்கி நிறுத்தி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வண்டியின் முன்பக்கத்தில் ஏதோ தட்டுகிற சத்தம். ஒரு ஆள் பம்பரைக் கையால் தடவித் தடவி நடந்து வருகிறார். கதவைத் திறந்து தோளைப் பிடித்து மேலே இழுத்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை அவரால், இமையெல்லாம் மண். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். எனக்கு முன்னால் தன் கார் நிற்கிறது, நகர்த்தாதே, நகர்த்தாதே என்று அரபியில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

தூசி கொஞ்சம் விலகியபோதுதான் பார்த்தேன். என் பம்பருக்கும் அந்தக் காருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. அது அங்கே நின்றது எனக்குத் தெரியவே தெரியாது.

அஹ்மதி சைட் சேஃப்டி:

இருவருக்கும் நடந்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் மண்ணைக் கிளப்புகிற எல்லாவற்றையும் ஷமால் என்று சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வேலை இடத்தில் இந்தக் குழப்பத்தால் ஆள் அடிபடுகிறது, அதனால் சொல்கிறேன்.

தோட்டக்காரர் சொன்னது ஷமால்தான். மேற்கிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு நகர்ந்து வரும். அது வருவதற்கு முன்னால் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வெதுவெதுப்பான, ஈரமான காற்றை இழுக்கும். கௌஸ் என்று பழைய கடலோடிகள் சொன்னது அதைத்தான். பின்னாலேயே குளிர்ந்த காற்றின் முகப்பு வரும். அது கடந்ததும் திசை ஒரேயடியாக வடமேற்குக்கு மாறிவிடும். ஈராக்கின் காய்ந்த சமவெளி மண்ணையும் சேர்த்துக் கொண்டுவரும். ஒரு நாள், ஒன்றரை நாளில் ஓய்ந்தாலும் ஓயும், சில சமயம் மூன்று நான்கு நாள் விடாமலும் அடிக்கும். அந்தப் பெரியவர் பார்த்தது இதைத்தான் சகோ. தெற்குக் காற்று தளர ஆரம்பித்ததும் வடமேற்கு அடிவானம் மங்கியதும் அவர் கண்ணுக்குப் போதும். நாம் தலைக்கு மேலே பார்த்தோம், அவர் அடிவானத்தைப் பார்த்தார்.

இடி மேகத்திலிருந்து வருவது வேறு ரகம். மழை விழும்போது அதோடு குளிர்ந்த காற்று மேலிருந்து கொட்டித் தரையில் மோதி நாலா பக்கமும் பாயும். பாய்கிற முகப்பு மண்ணைச் சுவராக எழுப்பும். எந்தத் திசையிலிருந்தும் வரலாம், பெரும்பாலும் சீக்கிரம் தாண்டிப் போய்விடும். குவைத்தில் மார்ச் பாதிக்கு மேல் வருகிற சராயாத் மழைக்காலத்தில் இதற்குத்தான் பயப்பட வேண்டும். வந்து சேர்கிற வேகம்தான் ஆபத்து. 2011 மார்ச் 25, ஒரு வெள்ளிக்கிழமை, குவைத் நகரத்தின் மேல் மண்சுவர் எழுந்து பகலை இரவாக்கியது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அன்று விடுமுறை, பல சைட்டில் வேலை இல்லை. அதனால் எத்தனை பேர் தப்பித்தார்களோ!

எனக்கு நடந்தது வேறொரு வருஷம், வேலை நாள். டவர் கிரேன் ஒரு கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது மண் மூடிவிட்டது. வாக்கி டாக்கியில் மேலே கிரேன் ஓட்டுகிற தம்பியின் குரல்: “அண்ணே, கட்டு எங்க தொங்குதுன்னு தெரியல. கீழ ஆள் இருக்காங்களா?” எனக்கும் தெரியவில்லை. கீழே யார் எங்கே நிற்கிறார்கள் என்று பதில் சொல்ல முடியாமல் அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றேன் பாருங்கள், அதுதான் இன்னும் தூக்கத்தில் வருகிறது. விசில் அடித்து, ஒவ்வொரு ஆளாகக் குரல் கொடுக்க வைத்து, எல்லோரும் ஷெட்டுக்குள் வந்த பிறகுதான் இறக்கச் சொன்னேன். சுமை இறங்கியதும் சுழல் பிரேக்கை விட்டுவிட வேண்டும், ஜிப் என்கிற அதன் நீண்ட கை காற்றின் போக்கில் திரும்பட்டும். பிடித்து நிறுத்தினால் கிரேனே சாயும். தம்பி அதைச் சரியாகச் செய்தான்.

அல் ஐன் அம்மா:

காற்று, மண் எல்லாம் சரி. ஆலங்கட்டியை யாரும் சொல்லவில்லையே? 2024 பிப்ரவரி 12. மழை எச்சரிக்கை முன்னாலேயே வந்திருந்தது, பிள்ளைகளுக்கு அன்று வீட்டிலிருந்தே வகுப்பு. மழை என்றால் எங்களுக்குச் சந்தோஷம்தானே, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள்.

முதலில் ஏசி பெட்டியின் மேல் டங் என்று ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. கோலிக்குண்டைவிடப் பெரிய கட்டிகள். சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். எதிரே நிறுத்தியிருந்த வண்டிகளின் கண்ணாடி ஒவ்வொன்றாக உடைவது அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் தனியாகக் கேட்டது. என் கணவர் வேலை முடிந்து அந்த நேரம் ரோட்டில் இருந்தார். ஃபோன் எடுக்கவில்லை. ஏதோ பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றேன் என்று அப்புறம் சொன்னார்.

ஓய்ந்ததும் மணல் மேலெல்லாம் வெள்ளை. ஊரே படம் எடுக்கக் கிளம்பியது. எனக்கு வெளியே வரவே மனமில்லை.

முசஃபா கேம்ப் பாஸ்:

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் பத்திரமாக வந்தாரே, அதுவே போதும். வண்டி நிறுத்துகிறவர்கள் பாலத்துக்கு அடியில் நடு ரோட்டில் மட்டும் நிறுத்தக் கூடாது, பின்னால் வருகிறவன் மோதுவான்.

எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதே மாதிரி திரும்பி வந்த குளிர். எங்கள் தொழிலாளர் கேம்பில் ராத்திரி ரவுண்டு போகும்போது ஒரு அறைக் கதவின் இடுக்கில் துணி திணித்திருந்தது. தட்டினேன், பதில் இல்லை. உடைத்துத் திறந்தால் நடுவில் தகரத்தில் கரி அடுப்பு, சுற்றிலும் பையன்கள் தூங்குகிறார்கள். ஒருவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இழுத்து வெளியே போட்டோம். எல்லோரும் பிழைத்தார்கள்.

இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் அறைக்காரர்களிடம் சொல்லுங்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. புகை அடங்கிவிட்டது, தணல் மட்டும்தான் இருக்கிறது என்று உள்ளே கொண்டுவருவார்கள், அப்போதும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். ரத்தம் ஆக்சிஜனை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருக்கும், கால் துவளும். தூங்குகிறவனுக்கு இது எதுவுமே தெரியாது. சவுதியிலும் குவைத்திலும் குளிர்காலம் வந்தால் இப்படிச் சாவு நடக்கிறது, பாலைவனக் கூடாரங்களிலும் நடக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். தூங்குகிற இடத்துக்குள் கரி வரவே கூடாது. ஒருவனுக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரையும் வெளியே கொண்டுபோங்கள். ஹீட்டர் கேட்டால் கம்பெனி தராது என்பார்கள். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அப்புறம், மார்ச் பாதி வரை கம்பளியைப் பையன்களிடமிருந்து திரும்ப வாங்காதீர்கள் என்று கேம்ப் நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன். பிப்ரவரியில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் ஸ்டோருக்குக் கேட்டு வாங்குகிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. பையன்கள் கரியை நாடுவது அதனால்தான்.

அபுதாபி பஸ்:

தம்மாம் அண்ணன் விளக்கை அணைத்தேன் என்று எழுதியிருக்கிறார். மண்ணில் அது சரியாக இருக்கலாம். பனிமூட்டத்தில் ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்றால் செத்தோம். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் படிக்காதீர்கள்.

இங்கே மார்ச் வரைக்கும் பனிமூட்டம் உண்டு. பகலில் கடல் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து போடும், ராத்திரி மேகம் இல்லாமல் காற்றும் நின்றால் மணல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், விடிகாலையில் ரோட்டை மூடிவிடும். 2008 மார்ச் 11 அன்று அபுதாபி-துபாய் ரோட்டில் கந்தூத் பக்கத்தில் வண்டி மேல் வண்டி மோதி எரிந்த விபத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அதற்கு அப்புறம் வந்தவன்.

ஒரு நாள் காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். ரோட்டு போர்டில் வேக வரம்பு 80 என்று காட்டிவிட்டது, நான் அதைவிடக் குறைவாகத்தான் போனேன். முன்னால் ஒரு கார் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓடுகிறது. அது போகிறதா நிற்கிறதா, லேன் மாறப் போகிறதா, எதுவும் புரியவில்லை. திடீரென்று அது நிஜமாகவே நின்றுவிட்டது. நான் பிரேக்கை அழுத்தியதும் பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். மோதவில்லை. ஆனால் அந்தக் குரல்! ஓடுகிற வண்டியில் அதைப் போடாதீர்கள், நின்ற பிறகு போடுங்கள். போலீஸும் வருஷா வருஷம் இதைத்தான் சொல்கிறது.

தம்மாம் ட்ரெய்லர்:

தம்பி, நான் ரோட்டோரத்தில் நிற்கவில்லை, ரோட்டை விட்டு இறங்கி மணலில் நின்றேன். விளக்கு எரிந்தால் அதுதான் ரோடு என்று நினைத்து நம்மைப் பின்தொடர்ந்து வந்து இடிப்பார்கள். பனியிலும் முழுதாக வெளியே இறங்க முடிந்தால் இறங்கிவிடுவதுதான் நல்லது. மற்றபடி ஓடும்போது நான்கு விளக்கும் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம்.

நிஸ்வா வேன்:

ஓமானில் இருப்பவர்களும் எழுதலாம்தானே? ஹஜர் மலைப்பக்கம் பிப்ரவரியில் மழை பெய்யும். மழை பெய்கிற இடம் ஒன்று, வெள்ளம் வருகிற இடம் ஒன்று. அதுதான் இங்கே சிக்கல். வாடி என்கிற அந்த ஓடைகள் வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும், ரோடே அதற்குள் இறங்கி ஏறும்.

கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். ரோடு இறங்குகிற இடத்துக்கு முன்னால் ஒரு ஓமானிப் பையன் தன் பிக்கப்பைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நின்றான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் காதைத் தொட்டுக் காட்டினான். இறங்கி நின்று கேட்டேன். மேலே வளைவுக்கு அப்பாலிருந்து கல்லோடு கல் உருளுகிற சத்தம். தண்ணீர் அதற்கு அப்புறம்தான் வந்தது, பழுப்பாக, ஒரு பேரீச்சை மரத்தைப் புரட்டிக்கொண்டு.

ஹாரன் அடித்தவர்களில் ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். அவர் போய் அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டார். சாயந்திரம் வரை அங்கேயே நின்றோம், தண்ணீர் வடியவில்லை, சுற்றுவழியில் போனோம்.

பஹ்லாவுக்கும் நிஸ்வாவுக்கும் நடுவில் இப்போது வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், ரோடு இன்னும் ஓடைக்குள் இறங்குகிற இடங்கள் எவை என்று எழுதுங்கள். புதிதாக வந்திருக்கிற பையன்களுக்கு அந்த வழியைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.