மறு: வயிற்று 'போர்ட்': குமிழும் தூம்பும்

குழுவினருக்கு வணக்கம். புற்றுநோய் மருந்தை வயிற்றறைக்குள் ஏற்றப் பதிக்கும் 'வயிற்று போர்ட்' என்ற கருவிக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு நம் குழுவில் ஒருவர் எழுதியது இது:

> 'செலுத்துவாய்' என்றே வைத்துவிடலாம். பொருள் தெளிவாகத்தான் இருக்கிறது.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. 'வாய்' என்றாலே எங்கள் குடியாத்தம் பக்கத்துப் பெண்களுக்குத் திறந்த புண்தான் நினைவுக்கு வரும். இந்தக் கருவிக்கோ வெளியே துளையே கிடையாது. சூலகப் (சினைப்பை) புற்றுநோய்க்காகக் கீழ் விலா எலும்பின்மேல் தோலுக்கடியில் சிறு குப்பி ஒன்றைப் பதிக்கிறார்கள். அதிலிருந்து ஒரு சிலிகான் குழாய் வயிற்றறைக்குள் இறங்குகிறது. தோல்வழியே குப்பியில் ஊசி குத்தி மருந்தை ஏற்றுகிறார்கள். 'வயிற்று போர்ட்' என்று மட்டும் கேள்விப்பட்ட என் அண்ணி, "சாப்பாடும் இதுவழியாத்தான் போவுமா?" என்று கேட்டு அழுதார். வேலூருக்குப் பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அதே கேள்வி.

என் பரிந்துரை இரண்டு சொற்கள்: குப்பிக்கு 'மருந்துக்குமிழ்', குழாய்க்கு 'தூம்பு'. வடஆர்க்காட்டு ஏரிகளில் குமிழித்தூம்பு பார்த்திருப்பீர்கள். நீருக்கடியில் கல் தொட்டி, அதிலிருந்து கரைக்கு அடியில் ஓடும் கால்வாய். மேலே இருந்து பார்த்தால் தொட்டியும் கால்வாயும் தெரியாது. அமைப்பு அப்படியே பொருந்துகிறது. ஏரித் தூம்பு நீரை வெளியே விடும், இது மருந்தை உள்ளே விடும் என்பது உண்மைதான். ஆனால் தூம்பு என்றால் உள்துளையுள்ள குழாய் என்ற பழம்பொருளும் இருப்பதால் திசை தடையாகாது.

ஒரே சொல் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, ஏனென்றால் கோளாறுகள் இரண்டு இடத்திலும் வெவ்வேறு. குமிழில் சீழ் வைக்கலாம், அது புரண்டுபோய் ஊசி இறங்காமல் போகலாம். தூம்பு அடைபடலாம், அரிதாகக் குடலையும் துளைக்கலாம். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வயிற்றறைச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 205 பெண்களில் 42 விழுக்காட்டினர்தான் 6 சுற்று மருந்தையும் முடித்தார்கள். மற்றவர்கள் நிறுத்தியதற்குக் கருவியில் வந்த கோளாறுகளும் பெரிய காரணம். "குமிழ்மேல சிவந்திருக்கு, காய்ச்சலும் இருக்கு" என்று நோயாளி போனில் சொன்னால் நர்சுக்கு உடனே புரியும். "போர்ட்ல என்னமோ பண்ணுது" என்றால், கேள்விமேல் கேள்வி கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அவசர நேரத்தில் அந்தத் தாமதம் ஆகாது.

'வயிற்றுக்குமிழ்' என்று சுருக்க வேண்டாம். கட்டி என்று பயப்படுவார்கள். 'மருந்து' என்ற முன்னொட்டு கட்டாயம் வேண்டும்.

அந்த ஊசிக்கும் ஒரு சொல் தேவை. சாதாரண ஊசி குமிழின் சிலிகான் மூடியைத் துருவி எடுத்துவிடும், பிறகு கசியும். அதனால் முனை வளைந்த தனி ஊசி வைத்திருக்கிறார்கள். 'துருவா ஊசி' என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து