சோடி பிரித்தல்: கோப்புப் பெயரில் கெபிட்டலும் சிம்பிளும்

ஹட்டனிலிருந்து:

வணக்கம் சேர். உயர்தரக் கையேட்டில், ஆங்கிலத்தின் கெபிட்டல் (பெரிய), சிம்பிள் (சிறிய) எழுத்துகளைக் கணினி வேறாகக் கொள்வதற்கு வைத்த 'எழுத்துணர்வு' (கேஸ் சென்சிடிவ்) என்ற சொல்லை விட்டுவிடலாம். எந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்றே அது சொல்லவில்லை. 'எழுத்துநிலை' என்று வைக்கலாமா? விளக்க வேண்டியது இதுதான்: கோப்புப் பெயரின் ஈறு சிம்பிள் சீ என்றால் ஜிசிசி தொகுப்பான் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அதைச் சீ மொழியாக எடுக்கும், கெபிட்டல் சீ என்றால் சீ பிளஸ் பிளஸ். நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மாலொக் தரும், வகை குறிக்காத வொயிட் சுட்டியை (நினைவக முகவரியை) நேரே முழு எண்ணுக்கான இன்ட் சுட்டிக்குக் கொடுக்கும் சீ நிரல், கெபிட்டல் ஈற்றோடு சேமித்தால் வகை பொருந்தவில்லை என்று வழுவாகும். பெயரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டளையில் கோப்புக்கு முன் '-எக்ஸ் சீ' என்று சொல்ல வேண்டும். ஒருங்குசேர் மொழிக் (அசெம்பிளி) கோப்பின் ஈறு கெபிட்டல் எஸ் என்றால், தொகுக்குமுன் நிரலை ஆயத்தப்படுத்தும் முன்செயலி ஓடும், சிம்பிளுக்கு ஓடாது.

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, 'நிலை' சரிவராது. இலக்கணத்தில் எழுத்தின் நிலை என்றால் மொழிக்கு முதல், இடை, கடை. 'எழுத்தளவு' என்றாலோ எழுத்துருவின் பருமனாகிவிடும். பிள்ளைகள் கெபிட்டல், சிம்பிள் என்கிறார்கள். இரண்டும் ஒரே எழுத்தின் சோடி. வேறாகக் கொள்வது 'சோடி பிரித்தல்', ஒன்றாகக் கொள்வது 'சோடி சேர்த்தல்' என்று வைப்போம்.

வினைச்சொல்லாக இருந்தால் பிரிப்பது யார் என்று கேட்கலாம். குழப்பமே அங்கேதான். விண்டோஸின் கோப்பு முறைமையான (கோப்புகளைச் சேமித்துத் தேடித் தரும் அமைப்பு) என்டிஎஃப்எஸ் எழுதியபடி பெயரைக் காக்கும், தேடும்போது வழக்கமாகச் சோடி சேர்க்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வழக்கமாகப் பிரிக்கும். நிரல் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பின் (ஹெடர்) பெயரில் ஓர் எழுத்துக் கெபிட்டலாகிப் போன நிரல் விண்டோஸில் தொகுபட்டு, லினக்ஸில் 'கோப்பு இல்லை' என்று நிற்பது இதனால்தான். தொகுப்பான் இரண்டிலும் அதே பெயரைத்தான் கேட்டது. கோப்பு முறைமையின் பதில்தான் வேறு. ஜாவா அப்படியல்ல. நிரலிலுள்ள பொது வகுப்பின் (பப்ளிக் கிளாஸ்) பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றா என்று தொகுப்பானே பார்க்கும், விண்டோஸிலும் சோடி பிரித்தே பார்க்கும்.

ஹட்டனிலிருந்து:

ஏற்கிறேன் சேர். தமிழெழுத்துக்குச் சோடியே இல்லை என்பதையும் இந்தச் சொல்லால் சொல்லிவிடலாம். வகுப்புக்குக் 'கொழுந்து' என்று பெயர் வைத்தால் கெபிட்டல் சிக்கல் வராது. ஆனால் 'கொ'வின் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, ஜாவாவுக்கு இரண்டு வேறு பெயர்கள். அதையும் 'சோடி' என்று சொல்லிவிடக் கூடாது. 'குறியீட்டு வேறுபாடு' என்று தனிப்பதிவாக எழுதுகிறேன்.