பஸ்கா இரவில் ஈமா வீட்டு மேசையில்

இஸ்ரவேலில் உள்ள ஹைஃபாவில் ஒரு வயதான யூத அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ‘ஈமா’ என்றுதான் கூப்பிடுவேன், எபிரெயத்தில் அம்மா. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் கொண்டாடும் பண்டிகை பஸ்கா. அந்த இரவு விருந்தில் தன் பக்கத்திலேயே எனக்கும் நாற்காலி போடச் சொன்னார். நான் பாளையங்கோட்டைப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திடப்படுத்தல் எடுத்த நாளிலிருந்து, இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து வாங்குகிறவள்.

மூன்று மாட்சா அப்பங்கள் அடுக்கியிருந்தன. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டெடுக்க வேண்டுமாம், புளிக்கக்கூடாது. ஈமாவின் மகன் நடு அப்பத்தை எடுத்து உடைத்தார். பொரித்த அப்பளம் நொறுங்குகிற அதே சத்தம். “எங்கள் பிதாக்கள் எகிப்தில் புசித்த சிறுமையின் அப்பம் இது” என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்பத்தைக் கையில் பிடித்து ‘இது இன்னது’ என்று சொல்வதை நான் சபையில், ‘இது என் சரீரமாயிருக்கிறது’ என்ற இயேசுவின் வார்த்தையில்தான் கேட்டிருக்கிறேன்.

இன்றைய ஒழுங்கு முழுவதும் இயேசு காலத்தது என்று சொல்ல வரவில்லை. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்து, ஆட்டுக்குட்டிப் பலி நின்றபின் மெல்ல உருவானது நிறைய. யோவான் சுவிசேஷக் கணக்கில் கடைசி இராப்போஜனமே பஸ்காவுக்கு முந்தின இரவு. ஆனாலும் சாப்பாடு முடிந்து, அந்த இரவின் நான்கு திராட்சரசக் கிண்ணங்களில் மூன்றாம் பாத்திரத்துக்கு ஆசீர்வாதம் சொன்னபோது, லூக்காவின் “போஜனம்பண்ணினபின்பு”, பவுலின் “ஆசீர்வாதத்தின் பாத்திரம்” இரண்டும் சேர்ந்து ஞாபகம் வந்தன.

பேரன் ஒரு வரியை எனக்காக நிறுத்திச் சொன்னான்: ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும், தானே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாக எண்ண வேண்டும். கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே உள்ள வரி. ஈமா என் கையைப் பிடித்து, “நாங்கள் வெளியே வந்தோம்” என்றார். முன்னோர் என்று சொல்லவில்லை.

திருவிருந்தில் “என்னை நினைவுகூரும்படி” என்று சபைப் போதகரான ஐயர் சொல்லும்போதெல்லாம், பழைய சம்பவத்தை ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இத்தனை வருடம் முழங்காலில் நின்றிருக்கிறேன். இப்போது, இயேசு கடைசி இராப்போஜனம் பண்ணின அந்த மேல்வீட்டறையில் நானும் இருக்கிறேன்.

*

சகோதரி எழுதியதைப் படித்ததும் எனக்கு லண்டன் ஞாபகம் வந்தது. நான் கத்தோலிக்கன். கூட வேலை பார்த்த யூத நண்பர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், யூத ஓய்வுநாள் தொடங்கும் விருந்துக்கு, வீட்டுக்குக் கூப்பிட்டார். துணி போட்டு மூடிய ரொட்டி. ‘பூமியிலிருந்து அப்பத்தை விளைவிக்கிறவரே’ என்று கடவுளைப் போற்றினார்கள். பூசையில் காணிக்கை நேரத்தில் “நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனும்” என்கிறோமே, அதே சாயல்! 1960-களில் எங்கள் திருச்சபை நடத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய பூசை நூலில், யூத ஆசீர்வாதங்களைத் தழுவியே அது சேர்க்கப்பட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நண்பரின் அப்பா ரொட்டியை உப்பில் தொட்டு முதல் துண்டைத் தான் சாப்பிட்டார், அடுத்ததை எனக்குக் கொடுத்தார்.