கடல் நத்தைகளில் மரபணு வெளிப்பாடு: ஒப்பீட்டு மரபணுவைத் தேர்வதில் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்கப் பூசிய பெயிண்டிலிருந்து கசிந்த டிரைபியூட்டைல்டின் என்னும் நஞ்சு, பெண் நத்தைகளில் ஆண்குறியை முளைக்கச் செய்வதையும், அது உயிரணுவில் உள்ள ஆர்எக்ஸ்ஆர் என்னும் ஏற்பிப் புரதத்துடன் பிணைவதை 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியதையும் பலர் அறிவீர்கள். 2008இல் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்த பின்னும் துறைமுகச் சேற்றில் அந்த நஞ்சு தங்கியிருப்பதால், ஆர்எக்ஸ்ஆர் மரபணுவின் வெளிப்பாட்டை, படிகளைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளவிடும் கியூபிசிஆர் முறையில் அளந்து வருகிறேன். சிக்கல் என்னவென்றால், மாறாதிருக்கும் என்று நம்பி ஒப்பீட்டுக்கு வைத்த பீட்டா ஆக்டின் மரபணுவே, நஞ்சுக்கு உட்படுத்திய நத்தைகளில் இரண்டு சுழற்சி தள்ளி வருகிறது. முழக்கோலே நீண்டு சுருங்கினால் எதைக் கொண்டு அளப்பது? 18எஸ் என்னும் ரைபோசோம் ஆர்என்ஏவையும் முயன்றேன், ஆனால் அது அளவுக்கு மீறி மிகுதியாக இருப்பதால் நம்ப மனம் வரவில்லை. இனப்பெருக்கச் சுரப்பித் திசுவில் நிலையாக நின்ற மரபணுக்கள் எவை, எத்தனையைச் சேர்த்துக் கணக்கிட்டீர்கள், பருவந்தோறும் முட்டை முதிர்ச்சி மாறுவதை எப்படிச் சரிக்கட்டினீர்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.