எண்டியூரன்ஸ்: அவ்வளவு கனமான கப்பல் எப்படி நொறுங்கியது?

தென்கடல்:
துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பலுக்கு ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) ஏழடிக்கு மேல் கனம். பக்கச் சுவர் சில இடங்களில் 30 அங்குலம். அப்படியும் 1915இல் அண்டார்டிகாவின் வெடல் கடல் பனியில் நசுங்கிப்போனது. வடக்கே ஆர்க்டிக்கில் மூன்று வருடம் பனியில் கிடந்த நார்வேக் கப்பல் ஃப்ராம் மட்டும் எப்படித் தப்பியது?

சுக்கான்பிடி:
கனம் வேறு, வடிவம் வேறு. ஃப்ராம் 39 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம். அடிப்பக்கம் தேங்காய் மூடி மாதிரி உருண்டை. பனி நெருக்கினால் விரலிடுக்கில் அமுக்கிய புளியங்கொட்டை போல மேலே எழும்பிவிடும். சுக்கானையும் புரொப்பெல்லரையும்கூட உள்ளே தூக்கிக்கொள்ளலாம். எண்டியூரன்ஸ் 44 மீட்டர் நீளத்துக்கு 7.6 மீட்டர்தான் அகலம். கட்டியதே துருவச் சுற்றுலாவுக்கு, பனி விளிம்பில் ஓட.

வங்குக்கால்:
எஞ்சின் அறையை விட்டுவிட்டீர்களே! என் கணக்கில் அதுதான் பெரிய ஓட்டை. சுவர் எவ்வளவு கனமானாலும், இரண்டு பக்கமும் உள்ளே மடங்காமல் தாங்குவது குறுக்கு விட்டங்கள். கொதிகலனும் எஞ்சினும் நின்ற இடத்தில் கீழ்த்தள விட்டம் போட வழியில்லை. அங்கே நீளமாக வெற்றிடம். முட்டுக்கொடுக்கும் சாய்வுச் சட்டங்களும் கிடையாது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் யுக்கா துகுரி 2025இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். இத்தனைக்கும் ஜெர்மன் பயணி ஃபில்ஷ்னரின் டாய்ச்லாந்து கப்பலுக்கு அந்தச் சட்டங்களைப் போடச் சொன்னவரே ஷாக்கிள்டன்தான். அது 1912இல் இதே கடலில் எட்டு மாதம் மாட்டியும் மீண்டது.

எண்டியூரன்ஸில் 1915 அக்டோபர் 24 நெருக்கலில் பின்கம்பம் (சுக்கானைத் தாங்கும் பின்பக்க மரம்) பிசகி நீர் புகுந்தது. பம்பு அடித்தும் மாளவில்லை. சுக்கான் பிய்ந்தது, ஏராவும் ஒரு பகுதி கிழிந்தது. 27ஆம் தேதி கப்பலைக் கைவிட்டு 28 பேரும் பனிமேல் இறங்கினார்கள். நவம்பர் 21 வரை அது மூழ்காமல் நின்றதே பனி இறுக்கிப் பிடித்திருந்ததால்தான்; பிடி தளர்ந்ததும் போய்விட்டது.

தென்கடல்:
2022இல் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தபோது மரம் உளுக்கவே இல்லையே?

சுக்கான்பிடி:
மரம் துளைக்கும் புழு அங்கே இல்லை. அண்டார்டிகாவில் மரமே கிடையாது, புழுவுக்குத் தீனி ஏது? பின்பக்கம் பெயர் எழுத்துகளும், கீழே ‘போலாரிஸ்’ (துருவ நட்சத்திரம்) என்ற பழைய பெயருக்கான நட்சத்திரமும் அப்படியே தெரிகின்றன. அந்தப் படத்தை மட்டும் பார்த்து கப்பல் முழுசாக இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். பாய்மரங்களெல்லாம் ஒடிந்து விழுந்து கிடக்கின்றன.